ஒன்பதாவது கட்டம்

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். இராத்திரி கண் விழிக்காமல் வேளைக்குத் தூங்கு. ஆய்வேட்டைப் பற்றிக் கேட்க இதை எழுதவில்லை. உனக்கு வேலை மிகுதி என்று அக்கா சொன்னாள். சொன்ன விதம் எனக்குச் சரியாகப் படவில்லை. இருந்தாலும் மேற்கொண்டு கேட்கவில்லை.

போன முறை நீ விட்டுப்போன தாள்களை, அணு அளவுத் துகள்களைப் பற்றிய குவாண்டம் இயற்பியல் தாள்களை, படித்துக்கொண்டிருக்கிறேன். 31 வருடம் இயற்பியல் நடத்தியவனுக்கு இதில் என்ன கஷ்டம் என்றுதான் உட்கார்ந்தேன். ஒரு பண்பு 'நடப்பில் இருக்கிறது' என்று எப்போது சொல்லலாம் என்பதற்கு ஜெனீவாவின் இயற்பியலாளர் பிரோன் சொன்ன வரையறையிலேயே நின்றுவிட்டேன். சோதித்தால் 'ஆம்' என்று நிச்சயம் விடை வரும் என்றால் போதும், அது நடப்பில் உள்ள பண்பு. சோதித்துப் பார்க்கக்கூட வேண்டாம். அந்த நிச்சயம் இல்லையென்றால் அது சாத்தியமாக மட்டுமே இருக்கிறது.

பெல்ஜிய இயற்பியலாளர் ஆர்ட்ஸ் சொல்லும் மரத்துண்டு எனக்குப் பிடித்துவிட்டது. காய்ந்த கட்டை எரியும், மிதக்கும். எரித்துப் பார்த்தால் மிதக்கவிட மிஞ்சாது. மிதக்கவிட்டால் நனைந்துபோய் எரியாது. ஆனாலும் இரண்டு குணமும் அதில் இருக்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. ஆக, இரண்டையும் ஒன்றாகச் சோதிக்க முடியவில்லை என்பது மட்டும் குவாண்டம் சிக்கல் இல்லை. இத்தனை வருடம் நான் அதுதான் சிக்கல் என்று நினைத்திருந்தேன். அந்தப் பக்கத்து ஓரத்தில் 'அப்பாவுக்குக் காட்ட வேண்டும்' என்று பென்சிலால் எழுதியிருக்கிறாய். காட்டவில்லையே, மா. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

பிறகு அந்த ஒன்பது கட்டம், மூன்றுக்கு மூன்று. இயற்பியலாளர்கள் பெரஸும் மெர்மினும் 1990-இல் கொடுத்தது. இரண்டு துகள்கள், ஒன்பது அளவீடுகள், ஒவ்வொன்றுக்கும் விடை +1 அல்லது −1. கிடைவரிசை ஒவ்வொன்றிலும் மூன்றையும் பெருக்கினால் குவாண்டம் கணக்குப்படி +1 வர வேண்டும். நெடுவரிசையில் முதல் இரண்டுக்கும் +1, மூன்றாவதற்கு மட்டும் −1. அளப்பதற்கு முன்பே விடைகள் உள்ளே இருக்கின்றன என்றால் நிரப்ப முடிய வேண்டும் அல்லவா? ஒரு தாள் முழுக்க அழித்து அழித்து எழுதினேன். எட்டுக் கட்டம் சமர்த்தாக நிரம்பும். ஒன்பதாவது, பக்கவாட்டில் பார்த்தால் +1 கேட்கும், மேலிருந்து பார்த்தால் −1 கேட்கும். ரப்பர் தேய்த்து அந்த இடத்தில் தாள் கிழிந்தேவிட்டது. எதனோடு சேர்த்து அளக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும் என்று வைத்துக்கொண்டால் தப்பிக்கலாம். அந்த வழியில் உனக்கு நம்பிக்கை இல்லை என்பது உன் குறிப்புகளிலேயே தெரிகிறது. உன் பக்கம்தான் எனக்கும் நியாயமாகப் படுகிறது.

கிழிந்த தாளோடு உட்கார்ந்திருந்தபோதுதான் பன்னிரண்டாம் வகுப்பு ஞாபகம் வந்தது. 1922-இல் ஷ்டெர்னும் கெர்லாகும் வெள்ளி அணுக்களைக் காந்தப் புலத்தில் இரண்டாகப் பிரித்த சோதனையைப் பாடமாக நடத்திக்கொண்டிருந்தேன். 'மேல், கீழ் என்பது முன்பே தீர்மானமான விஷயம், கருவி அதைக் காட்டுகிறது, அவ்வளவுதான்' என்றேன். நீ எழுந்தாய். மேலே போனவற்றை மட்டும் எடுத்துப் பக்கவாட்டில் பிரித்து, அதில் ஒரு பங்கை மறுபடி செங்குத்தாகப் பிரித்தால் பாதி கீழே போகிறதே, அந்தக் 'கீழ்' எங்கே இருந்தது என்று கேட்டாய். 'காந்தம் கலைத்துவிட்டது, உட்கார்' என்றேன். வகுப்பே சிரித்தது. மணி அடிக்கும்வரை பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாய். அதைப் பார்த்துக்கொண்டேதான் பாடத்தை முடித்தேன்.

அந்தக் 'கீழ்' எங்கேயும் ஒளிந்திருக்கவில்லை. பக்கவாட்டு விடை நிச்சயமானபோது, அதுவரை நிச்சயமாக இருந்த 'மேல்' மறுபடி சாத்தியம் ஆகிவிட்டது. குவாண்டம் இயற்பியலை வகுத்தவர்களில் ஒருவரான ஹைசன்பெர்க் 1958-இல் வந்த புத்தகத்தில் 'சாத்தியம்' என்ற அரிஸ்டாட்டிலின் சொல்லைத் திரும்பக் கொண்டுவந்தது இதற்காகத்தான். சாத்தியம் என்பது நம் அறியாமைக்கு வைத்த பெயர் இல்லை, அதுவும் ஒருவகை இருப்பு. பதினேழு வயதில் நீ கேட்டது சரியான கேள்வி. நான் சொன்னது பதிலே இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். என் பெண் இயற்பியல் ஆராய்ச்சி செய்கிறாள் என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வந்தேன். தத்துவம் என்ற சொல்லை விட்டுவிடுவேன். ஒருமுறை நான் போனில் அப்படிச் சொன்னபோது நீ அடுத்த அறையில் இருந்தாய். கேட்டிருப்பாய். நீ எதுவும் சொல்லவில்லை, நானும் இதுநாள்வரை அதைப் பேசவில்லை. தப்பு என்னுடையது.

ஆய்வேட்டை முடித்தாலும் சரி, வேறு எது செய்தாலும் சரி. இராத்திரி மட்டும் கண் விழிக்காதே.

கிழிந்த தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். நெடுவரிசைகளில் எனக்கு இன்னும் கொஞ்சம் குழப்பம் இருக்கிறது. சரியாகப் போட்டிருக்கிறேனா என்று பார்த்து இரண்டு வரி எழுது.

அன்புடன்,
அப்பா