உன் எழுத்துரு அட்டவணையோடு வா

அன்புள்ள நண்பா,

பேரன் பிறந்த செய்தியை உன் தம்பி சொன்னான். அவ்வளவு சந்தோஷம். எனக்குப் போன மாதம் வலது கண்ணில் புரை எடுத்தார்கள். இப்போது மெய்ப்பு பார்த்தால் ஒற்றின் புள்ளிகூடப் பளிச்சென்று தெரிகிறது.

எழுத வந்த விஷயம் வேறு. திருவல்லிக்கேணியில் கணினியில் புத்தகம் அச்சுக்கோக்கும் நம் டிடிபி ஆட்கள் மறுபடி ஒரே மேஜையில் உட்கார்ந்து வேலை செய்கிறோம். ஆமாம், சண்டை போட்டுப் பிரிந்த இரண்டு அணியும்தான்.

1999 பிப்ரவரியில் தமிழ்நெட் 99 மாநாடு முடிந்து எந்த எண்ணில் எந்த எழுத்து என்று சொல்லும் டாம், டாப் குறியீடுகளும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தபோது, இனி எல்லாம் ஒரு வழிக்கு வந்துவிடும் என்று எவ்வளவு நம்பினோம்! அந்தப் பக்கம் திஸ்கி என்று இன்னொரு குறியீடு, இந்தப் பக்கம் கடைக்குக் கடை சொந்த எழுத்துரு, ஒருவர் அடித்த புத்தகத்தை இன்னொருவர் கணினியில் திறந்தால் வெறும் கிறுக்கல். அப்புறம் உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோட் குறியீடு. 128 இடத்துக்குள் தமிழை அடைத்துவிட்டார்கள், 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் வேண்டும் என்று ஒரு பக்கம், இருப்பதை வைத்து நடத்துவோம் என்று மறுபக்கம். 2010 ஜூனில் தமிழக அரசு யூனிகோடையும், எழுத்துக்கு ஒரு இடம் தரும் டேஸ் 16ஐயும் சேர்த்தே தரமாக ஏற்றது. நம் வட்டத்தில் அந்தச் சண்டை அதோடு அடங்கியது, ஆட்கள்தான் சேரவில்லை.

ஏன் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் வரைந்த எழுத்துரு சிடியில் ஊரெல்லாம் சுற்றியபோது, வெளியே விட்டது நீதான் என்று இருபது பேர் முன்னால் சொன்னேன். கையில் ஆதாரம் எதுவும் இல்லை, கோபம்தான் இருந்தது. நீ ஒன்றும் பேசாமல் எழுந்து போனாய். அதற்குப் பிறகு யாரும் யாருக்கும் ஒரு ஃபைல்கூடக் கொடுக்கவில்லை. நான் செய்தது தப்பு, மன்னித்துவிடு. போன வாரம் எல்லோரிடமும் இதைச் சொன்னேன், ஆனால் நீ இருக்கும்போது சொல்ல வேண்டியது அது.

மறுபடி சேர்த்தது ஒரு பதிப்பாளரின் பழைய புத்தகங்கள்தான். எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். எல்லாம் பேஜ்மேக்கர் என்ற பழைய மென்பொருளில் செய்த ஃபைல், ஆறேழு எழுத்துரு, தனியாக எந்தக் கடையாலும் முடியாது. முதல் நாள் சமாதானம் பேசப் பார்த்தோம், அரை மணி நேரத்தில் பழைய கதை கிளம்பிவிட்டது. சரி, பேச்சை விடுவோம், வேலையைப் பார்ப்போம் என்று ஆரம்பித்தோம். அவரவர் எழுத்துருவின் அட்டவணையை, எந்த எண்ணில் எந்த எழுத்து என்பதை, பொதுவில் வைப்பது. வரைந்தவர் பெயர் அதன் தலைப்பில் இருக்கும், இந்த வேலை தவிர வேறெதற்கும் எடுக்கக் கூடாது. ஒரு அணி மாற்றியதை மற்ற அணிதான் மெய்ப்பு பார்க்கும்.

என் அட்டவணையில்தான் முதல் பிழை வந்தது. கௌ என்பதற்கு அந்தக் காலத்தில் கொம்பு, க, ள என்று தட்டுவோமே, அதைச் சரிசெய்ய நிரலில் ஒரு வரி போட்டிருந்தேன். 'கெளரவம்' எல்லாம் 'கௌரவம்' ஆனது, ஆனால் 'தெளிவு' வந்த இடத்திலெல்லாம் தௌ என்று ஆகி, பக்கத்தில் புள்ளி வட்டத்தோடு ஒரு இகர விலங்கு தனியாக நின்றது. கண்டுபிடித்தவர் என்னோடு அதிகம் சண்டை போட்டவர். சபையில் சொல்லவில்லை. ஒரு நோட்டில் பக்க எண்களைக் குறித்து என் மேஜையில் வைத்துவிட்டு, 'ளகரத்துக்குப் பின்னால் விலங்கு வருகிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்' என்றார். அன்று இரவு திருத்தினேன், மறுநாள் அவர் கேட்காமலேயே தன் அட்டவணையைக் கொண்டுவந்து கொடுத்தார். அந்த நோட்டில் இப்போது எல்லோரும் எழுதுகிறோம்.

உன் எழுத்துருவில் அடித்த பதினொரு புத்தகம் அப்படியே கிடக்கிறது, அட்டவணை உன்னிடம் மட்டும்தான் இருக்கிறது. கொடுப்பதும் கொடுக்காததும் உன் இஷ்டம், அது உன் உழைப்பு. கொடுக்காவிட்டாலும் நீ வர வேண்டும். அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூடுகிறோம், நீ எழுந்து போன அன்று இருந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் வருகிறார்கள். சனிக்கிழமை ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறினால் ஒரு வார்த்தை சொல், எழும்பூரில் வண்டியோடு நிற்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்