கேள்வியையும் மாணவரே கண்டுபிடிக்கட்டும்

சட்டக் கல்லூரி ஆசிரியர்களுக்கும், ஜூனியர்களைச் சேர்த்துக்கொள்ளும் மூத்த வழக்கறிஞர்களுக்கும்,

வணக்கம்.

கல்லூரியில் சட்ட ஆராய்ச்சிப் பயிற்சி என்றால் கேள்வி தயாராக வந்துவிடுகிறது. 'கவனக்குறைவுக்கான இழப்பீடு பற்றிய தீர்ப்புகளைத் தேடுக' என்பார்கள். கட்சிக்காரர் அப்படிக் கேட்பதில்லை. நடந்ததைச் சொல்கிறார், அதுவும் முன்னுக்குப் பின்னாக, பாதியை விட்டுவிட்டு. அதற்குள் ஒப்பந்த மீறல் இருக்கிறதா, வழக்குப் போடும் காலவரம்பு தாண்டிவிட்டதா என்று பிரித்தெடுப்பதுதான் முதல் வேலை. பலர் அதைப் பழகாமலேயே பட்டம் வாங்கிவிடுகிறார்கள்.

ஆசிரியர்களே, தலைப்பைச் சொல்லாமல் ஒரு கட்சிக்காரரின் கதையை மட்டும் கொடுத்துப் பாருங்கள். விடையோடு, எந்தச் சொற்களைப் போட்டுத் தேடினார், எதை ஏன் ஒதுக்கினார் என்ற குறிப்பையும் வாங்கிப் படியுங்கள். தவறு எங்கே நேர்ந்தது என்பது அந்தக் குறிப்பில்தான் தெரியும்.

அப்புறம், தீர்ப்பு கிடைத்ததும் வேலை முடிந்ததாக நினைக்கும் பழக்கம். தலைக்குறிப்பு, அதாவது தீர்ப்பின் தொடக்கத்தில் அச்சிடும் சுருக்கம், தீர்ப்பாகாது. முழுத் தீர்ப்பையும் படித்தால்தான் முடிவுக்கு அடிப்படையான காரணம் எது, நீதிபதி போகிறபோக்கில் சொன்னது எது என்று விளங்கும். அந்தத் தீர்ப்பு இன்றும் செல்லுமா என்றும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் இதற்கென்றே 1873-இல் ஷெப்பர்ட் மேற்கோள் அட்டவணை தொடங்கப்பட்டது. இப்போது தரவுத்தளங்களில் சில நொடிகளில் பார்த்துவிடலாம். அதையும் தவிர்ப்பவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

2023-இல் நியூயார்க் நீதிமன்றம் ஒன்றில், சாட்ஜிபிடி கற்பனையாகத் தந்த தீர்ப்புகளை உண்மையென்று தாக்கல் செய்ததற்காக 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அந்தத் தீர்ப்புகளைத் தேடி எடுத்த வழக்கறிஞர் புதியவர் அல்ல, 30 ஆண்டு அனுபவம் உள்ளவர். இவை உண்மையானவையா என்று அதே சாட்ஜிபிடியிடம்தான் அவர் கேட்டிருக்கிறார். மூலத்தைத் திறந்து பார்க்கும் பழக்கம் அனுபவத்தால் தானாக வந்துவிடாது, பழக்கித்தான் வர வேண்டும்.

மூத்த வழக்கறிஞர்களே, 'இதற்கு ஒரு சைட்டேஷன் (மேற்கோள் காட்ட ஒரு தீர்ப்பு) எடுத்து வா' என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். கேஸ் கட்டைக் கையில் கொடுங்கள். எந்த மனுவுக்கு, எந்த வாதத்துக்கு என்று சொல்லுங்கள். கட்சிக்காரரிடம் நீங்கள் பேசும்போது ஜூனியரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். நமக்கு எதிரான தீர்ப்புகளையும் சேர்த்து எடுத்துவரச் சொல்லுங்கள். அப்படி ஒன்றைக் கொண்டுவந்து வைக்கும் ஜூனியரிடம் முகம் சுளிக்காமல், அது நம் வழக்குக்குப் பொருந்தாது என்று எப்படி வேறுபடுத்திக் காட்டலாம் என்பதை அவரையே முதலில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

அன்புடன்,
வழக்காடும் ஒரு வழக்கறிஞர்