சித்தேரி மலைப் பெண்களின் குடும்ப வன்முறை வழக்குகளில் முறையான சட்ட உதவி கோரி மனு

அனுப்புநர்:
சித்தேரி மலைக் கிராமப் பெண்கள், தருமபுரி மாவட்டம்.

பெறுநர்:
உறுப்பினர் செயலர் அவர்கள், தமிழ்நாடு மாநில சட்டப்பணிகள் ஆணைக்குழு, சென்னை.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், 1987, 12-ஆம் பிரிவின்படி பெண்களுக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. எங்களுக்கும் கிடைக்கிறார், ஆனால் வாய்தாவுக்கு வாய்தா ஆள் மாறுகிறார். புதிதாக வருபவர் வழக்குக் கட்டைப் புரட்டிவிட்டு, "என்னம்மா நடந்துச்சு, சொல்லு" என்கிறார். புருஷனும் பங்காளிகளும் நாலடி தள்ளி நிற்கும் வராந்தாவில் படுக்கையறையில் நடந்ததை எப்படிச் சொல்வது? பயத்தில் முன்பின் மாறினால், குறுக்கு விசாரணையில் அதையே பொய் என்கிறார்கள்.

எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார்தான் பெண் வீட்டுக்குப் பரியப் பணம் கொடுப்பார்கள். பெண் பிரிந்து வந்தால் அதைத் திருப்பிக் கேட்பார்கள். கொடுக்க வழியில்லாமல்தான் பலர் அடிபட்டுக்கொண்டு அங்கேயே கிடக்கிறார்கள். வழக்கறிஞர் எழுதும் மனுவிலோ இது வருவதில்லை. வழக்கமான 'வரதட்சணைக் கொடுமை' வாசகம் ஏறிவிடுகிறது. எதிர்த்தரப்பு ஒரே கேள்வியில் அதை உடைத்துவிடுகிறது.

வாச்சாத்தி எங்கள் மலையடிவார ஊர். 1992 ஜூன் 20 அன்று அங்கே வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் சேர்ந்து புகுந்தன. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான 18 பெண்களுக்குத் தீர்ப்பு 2011-இல் வந்தது; உயர் நீதிமன்றம் உறுதி செய்தது 2023-இல். அங்கே சொந்தபந்தம் உள்ளவளை "முதலில் ஸ்டேஷனுக்குப் போ" என்றால் அவள் வீட்டுக்குத்தான் திரும்புவாள். 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டப்படி அரசு நியமிக்கும் பாதுகாப்பு அலுவலர் மூலமாகவோ நேராக நீதித்துறை நடுவரிடமோ மனு கொடுக்கலாம். வழிகாட்ட வேண்டியவர்களே இதைச் சொல்வதில்லை. "ஊர்க் கவுண்டர் பேசி முடிக்கட்டும்" என்று திருப்பி அனுப்புவதும் உண்டு. (ஊர்க் கவுண்டர் எங்கள் ஊர்த் தலைவர்; அவர் கூட்டும் பஞ்சாயத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் யார் பக்கத்து ஆட்கள் என்று கேட்டால் தெரியும்.)

எனவே, வழக்கு முடியும்வரை ஒரே வழக்கறிஞரை, முடிந்தால் பெண்ணை, நியமிக்க வேண்டும். அவர் முதல் நாளே தனியறையில் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டால் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிராது. எங்கள் மலைப் பெண்களில் சிலருக்குச் சட்டத் தன்னார்வலர் பயிற்சி கொடுத்து, வாய்தா தோறும் கூட அனுப்ப வேண்டும். பரியம் பற்றி வழக்கறிஞருக்கு எடுத்துச் சொல்ல அவர்களால் முடியும். குடும்ப வன்முறைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவில் உள்ள மூடிய அறை விசாரணையை வழக்கறிஞரே முதல் வாய்தாவில் கேட்க வேண்டும். மனுவை 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்வதையும் நடுவர் முன் நினைவூட்ட வேண்டும்.

இதற்கான உத்தரவை மாவட்ட ஆணைக்குழுவுக்கு அனுப்பி, அதன் நகலை எங்களுக்கும் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சித்தேரி மலைக் கிராமப் பெண்கள்
(கையொப்பங்களும் கைரேகைகளும் இணைப்பில்)