2000 வாட் என்று அச்சிட்ட கெட்டிலில் 1500 வாட் காயில்: மாற்றித் தரக் கோரி

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா / அம்மையீர்,

உங்கள் 1.7 லிட்டர் மின் கெட்டில் தண்ணீரைக் கொதிக்க வைக்க அதிக நேரம் எடுக்கிறது என்று முன்பே புகார் செய்திருந்தேன். "உங்கள் வீட்டில் வோல்டேஜ் குறைவு, கெட்டிலில் பழுது இல்லை" என்று பதில் அனுப்பிப் புகாரை முடித்துவிட்டீர்கள். அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை.

எலக்ட்ரீஷியன் ஒருவரை வைத்து அளந்து பார்த்தேன். லைன் கம்பியை மட்டும் தனியாகப் பிரித்து, கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரால் கவ்விப் பார்த்தார். கெட்டில் ஓடும்போது வோல்டேஜ் 222, கரண்ட் 6.3 ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் சுமார் 1400 வாட். கெட்டிலின் அடியில் நீங்கள் அச்சிட்டிருப்பது 230 வோல்ட், 2000 வாட்.

வோல்டேஜ் கொஞ்சம் குறைவுதான், சரி. அதனால்தான் வாட்டை விட்டுவிட்டு, காயில் (தண்ணீரைச் சூடாக்கும் கம்பிச் சுருள்) கரண்டுக்குக் காட்டும் எதிர்ப்பான தடையைப் பார்க்கச் சொல்கிறேன். வோல்டேஜ் குறைந்தால் கரண்டும் கூடவே குறையும். காயிலின் தடை ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். 222-ஐ 6.3-ஆல் வகுத்தால் 35.2 ஓம். 230 வோல்ட்டில் 2000 வாட் தர வேண்டிய காயிலுக்கு எவ்வளவு இருக்க வேண்டும்? 230-ஐ 230-ஆல் பெருக்கி 2000-ஆல் வகுங்கள்: 26.45 ஓம். அப்படி ஒரு காயில் உள்ளே இருந்திருந்தால், இதே 222 வோல்ட்டிலும் 8.4 ஆம்பியர் இழுத்து 1860 வாட்டுக்குக் குறையாமல் கொடுத்திருக்கும்.

சூட்டில் தடை கூடியிருக்கும் என்று அடுத்துச் சொல்வீர்கள். பிளக்கைப் பிடுங்கி, ஆறிய பிறகும் ஓம் மீட்டரில் பார்த்தாயிற்று: 34.5 ஓம். டங்ஸ்டன் இழை பல்பு என்றால் சூட்டில் தடை பத்து மடங்குக்கு மேல் கூடும். ஹீட்டர் காயிலில் வரும் மாற்றம் சில சதவீதம்தான். வோல்டேஜையும் கரண்டையும் பெருக்கி வருவதைவிட உண்மையான வாட் குறையக் காரணமாகும் பவர் ஃபேக்டரையும் இழுக்க வேண்டாம், இது மோட்டார் இல்லை, வெறும் ஹீட்டர் காயில்.

இதே கணக்கில் 2000-க்குப் பதில் 1500 போட்டால் 35.3 ஓம் வருகிறது. என் கெட்டிலில் இருப்பதும் கிட்டத்தட்ட அதே. காயில் கெட்டுப்போகவில்லை, 1500 வாட் காயிலை 2000 வாட் உடம்புக்குள் வைத்து அனுப்பியிருக்கிறீர்கள் என்றே நினைக்கிறேன். இந்த வகைச் சாதனங்களுக்கான சர்வதேசத் தரவிதியான ஐஈசி 60335-1, அச்சிட்ட வாட்டில் 10 சதவீதம் வரை குறையலாம் என்கிறது. இங்கே, முழு 230 வோல்ட்டுக்குக் கணக்கிட்டாலும், குறைவது 25 சதவீதம்.

"கரண்ட் குறைவாக இழுத்தால் உங்களுக்கு மின்சாரம் மிச்சம்தானே" என்று உங்கள் பணியாளர் ஒருவர் போனில் சொன்னார். 25 டிகிரியில் இருக்கும் 1.7 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர, வெளியே போகும் சூட்டைக் கணக்கில் சேர்க்காமலே, சுமார் 534 கிலோஜூல் தேவை. 2000 வாட்டில் இதற்கு நாலரை நிமிடம், 1400 வாட்டில் ஆறேகால் நிமிடத்துக்கு மேல் ஆகும். தேவையான ஆற்றல் மாறவில்லை. நேரம் நீள நீள வெளியே போகும் சூடுதான் கூடும். இதில் மிச்சம் எங்கே வருகிறது?

அச்சிட்ட திறனுக்கு ஏற்ற கெட்டிலை மாற்றித் தாருங்கள், இல்லையென்றால் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். அப்புறம், இந்த மாடலின் காயிலுக்கு நீங்கள் நிர்ணயித்த தடை எத்தனை ஓம் என்பதையும் எழுத்தில் தெரிவியுங்கள். ரசீதும் மீட்டர் அளவுகளின் படங்களும் இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்