மனிதவள மேலாளர்களே, அந்த ஒரு மணி நேரம் எங்கே?

சென்னை நிறுவனங்களின் மனிதவள மேலாளர்களுக்கு,

வணக்கம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் எனக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கொடுத்தார்கள். டிஸ்லெக்ஸியா, அதாவது படிப்பதையும் எழுதுவதையும் சிரமமாக்கும் கற்றல் குறைபாடு, இருப்பதாகச் சான்றிதழ் இருந்ததால் கிடைத்த சலுகை. பன்னிரண்டாம் வகுப்பிலும் கிடைத்தது. வேலைக்குச் சேர்ந்த அன்றோடு நின்றுபோனது. தலை மட்டும் அதே தலை.

பில் சரிபார்ப்பது என் வேலை. முந்தைய அலுவலகத்தில் மேலாளர் என் மேஜையைக் கடக்கும்போதே நான்கு வேலை சொல்லிவிட்டுப் போவார். முதலாவதை எழுதி முடிப்பதற்குள் மூன்றாவது மறந்திருக்கும். திரும்பக் கேட்டால், "காது கேக்கலையா?" என்பார். காது நன்றாகவே கேட்கும். கேட்டது உள்ளே போய் உட்காரக் கொஞ்ச நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். ஒருமுறை 4,596 ரூபாயை 4,956 என்று பதிந்துவிட்டேன். தவறு என்னுடையதுதான், மறுக்கவில்லை. அப்புறம் ஆறு மாதம் ஜெராக்ஸ் எடுக்க மட்டுமே என்னைக் கூப்பிட்டார்கள்.

இப்போதைய அலுவலகத்தில் சீனியர் அக்கா எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புகிறார், ஒரு வேலைக்கு ஒரு வரி. செலவு ஒரு பைசா இல்லை. நான் பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றைப் பில்லின் மேல் வைத்து வரி வரியாக இறக்குவேன். தொகையைக் கடைசி இலக்கத்திலிருந்து ஒருமுறை பின்னோக்கிப் படிப்பேன். மெதுவாகத்தான் போகும். ஒரே சரக்குக்கு இரண்டு பில் போட்டிருந்த சப்ளையரைப் பிடித்ததும் அந்த மெதுவில்தான்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிடும் 21 குறைபாடுகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. அதன் 21ஆவது பிரிவுப்படி தனியார் நிறுவனங்களும் சமவாய்ப்புக் கொள்கையை அறிவிக்க வேண்டும். நான் படித்துப் பார்த்த சில கொள்கைகள் சாய்தளம், லிஃப்ட், கழிப்பறையோடு முடிந்துவிட்டன. அவை வேண்டும்தான். ஆனால் எனக்குப் படிக்கட்டில் சிக்கல் இல்லை, கடிகாரத்தில்தான் சிக்கல்.

நேர்காணலுக்கு முன் 30 நிமிடத்தில் 40 கேள்வி என்று வைக்கிறீர்களே, பில் சரிபார்க்க அந்த வேகம் எதற்கு? வேகம் தேவைப்படும் வேலைக்கு வையுங்கள், சரி. மற்றவற்றுக்கு விண்ணப்பப் படிவத்தில் ஒரு வரி சேருங்கள்: "தேர்வுக்குக் கூடுதல் நேரம் தேவையா?" ஆம் என்று எழுதுபவரைத் தள்ளிவைக்காதீர்கள். கூட்டத்தில் பேசப்போவதை முந்தைய நாள் மாலையே அனுப்பிவிடுங்கள். அங்கே நான் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் மறுநாள் காலை வரை பொறுங்கள். பதில் மின்னஞ்சலில் வரும்.

இப்படிக்கு,
ஒரு பில் சரிபார்ப்பாளர்