கணவாயின் கண்

கடலூர்

அன்பு மகன் சரவணனுக்கு,

அம்மா எழுதுவது. வேளைக்குச் சாப்பிடுகிறாயா? பொங்கலுக்கும் உன் போன் வரவில்லை. வேலை அதிகம் என்று பெரியப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அன்று அவர் பேசியதை மனதில் வைத்துக்கொள்ளாதே.

"கண்ணைப் பார், படைத்தவன் இல்லாமல் இது வருமா?" என்று அப்பா கேட்டதற்கு, நம் கண்ணில் குருட்டுப் புள்ளி இருக்கிறதே என்று நீ சொன்ன பதில் சரிதான். வெள்ளைத்தாளில் இடப்பக்கம் ஒரு கூட்டல் குறி, அதற்கு நேர் வலதில் 8 செ.மீ. தள்ளி மிளகளவு கறுப்புப் புள்ளி. இடக்கண்ணை மூடு. வலக்கண்ணால் கூட்டல் குறியையே பார்த்துக்கொண்டு தாளை 30 செ.மீ. தூரத்தில் பிடித்து, மெல்ல முன்னும் பின்னும் நகர்த்து. ஓரிடத்தில் புள்ளி மறைந்துவிடும். பார்வை புள்ளிப் பக்கம் ஓடினால் மறையாது, எல்லாரும் தவறுவது அங்கேதான். நம் விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் பின்னால், நரம்பிழைகள் முன்னால். அவை ஒன்றுகூடி விழித்திரையைத் துளைத்து வெளியேறும் இடத்தில் பார்வை கிடையாது. முதுநகரில் நீ ஆசையாய் வாங்கும் கணவாய் மீனுக்கு நரம்பிழைகள் பின்பக்கம்; குருட்டுப் புள்ளியே இல்லை. கடிகாரம் இருந்தால் செய்தவன் இருப்பான், கண்ணும் அப்படித்தான் என்று 1802இல் வில்லியம் பேலி என்ற பாதிரியார் வாதாடினார். 1859இல் டார்வின் கொடுத்த இயற்கைத் தேர்வு என்ற விடைக்குத்தான் இந்தக் கண் ஒத்துவருகிறது.

ஆனால் கண்ணோடு கணக்கை முடித்துவிடாதே. நட்சத்திரத்துக்குள் மூன்று ஹீலியம் கருக்கள் சேர்ந்து, நம் உடம்புக்கு வேண்டிய கார்பன் ஆக, கார்பன் கருவில் சுமார் 7.65 எம்.இ.வி.யில் (அணுக்கருவின் ஆற்றலை அளக்கும் அலகு) ஓர் ஆற்றல் நிலை இருந்தாக வேண்டும் என்று 1953இல் வானியலாளர் ஃபிரெட் ஹாயில் சொன்னார். தேடினார்கள், இருந்தது. உயிரும் வாரிசும் இல்லாத அங்கே டார்வின் விடை செல்லாது. அந்த எண் எவ்வளவு மாறியிருக்கக்கூடும் என்று தெரியாமல் நிகழ்தகவு போட முடியாதே என்பாய். அதுவும் நியாயம்தான்.

அப்பா சைவ சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டார் வழி. குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். சித்தாந்தத்தில் இறைவன் மண்ணைப் படைப்பதில்லை. உலகுக்கு மண் போன்ற மாயையும் அவனைப் போல அநாதி. குருட்டுப் புள்ளியைக் காட்டிப் பேலியை மடக்கலாம், மெய்கண்டாரை மடக்க முடியாது. குயவன் உண்டா என்பது அப்போதும் தனிக் கேள்வி. இவ்வளவையும் அப்பாவோடு உட்கார்ந்து நீ பேசியிருக்கலாம். பேசவிடாதவள் நான்தான்.

அவர் உன்னை அடித்தபோது நான் அடுப்படியில் இருந்தேன். உயிரியல் வகுப்பில் வருஷா வருஷம் இதே தாளைப் பிள்ளைகள் கையில் கொடுத்தவள், உன் பக்கம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் சொல் தாழக்கூடாது என்று நினைத்தேன். உனக்கு அப்போது பதினாலு வயது. நீ சொன்னது சரி என்று எனக்குத் தெரியும் ராசா.

அப்பாவின் திதி மாசி வளர்பிறை சதுர்த்தி. எள்ளும் தண்ணீரும் பெரியப்பா மகன் விடுவான், உன்னைக் கேட்க மாட்டேன். சாப்பாட்டுக்கு வந்தால் போதும். வேளைக்குச் சாப்பிடு. இரண்டு நாள் இருக்கிற மாதிரி வா, கணவாய் மறுநாள்தான் வாங்க முடியும்.

அம்மா