அந்த முதல் கட்டம் எங்கே போயிற்று?

திறன் பயிற்சிக்குப் பாடத்திட்டம் வகுக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். பேரணாம்பட்டில் தையல் பயிற்சி கொடுக்கிறேன். அதற்கு முன் 14 வருடம் ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைத்தவள்.

எங்களிடம் மூன்று மாதம் படித்து முடித்த ஒரு பெண் போன வாரம் ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு வேலை கேட்டுப் போனாள். பழகியது காலால் மிதிக்கும் மெஷின். அங்கே உட்காரவைத்தது தூண் மாதிரி நிற்கும் போஸ்ட் பெட் மெஷினில். கையில் ஆட்டுத்தோல். தையல் ஓரிடத்தில் கோணியதும், பழக்கதோஷத்தில் பிரித்துவிட்டுத் திரும்பத் தைத்திருக்கிறாள். துணியில் அது செல்லும். தோலில் ஊசி இறங்கிய ஓட்டை இறங்கியதுதான், துண்டு குப்பைக்கு. "இது ஜாக்கெட் இல்லம்மா" என்று எழுப்பிவிட்டார்களாம். விளிம்பைச் சீவி மெலிதாக்கி மடிக்கவும் அவளுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும், நான் சொல்லித்தரவில்லை. ஆய்வுக்கு வருகிறவர் தலையணை உறையைத்தானே எண்ணுகிறார்!

பயிற்றுநர் வகுப்பில், பாடத்திட்டம் வகுக்க 'ஆடி' (ADDIE) மாதிரி என்று ஸ்லைடு போட்டது நீங்கள்தான். 1975-ல் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அமெரிக்க ராணுவத்துக்காக உருவான முறை என்றீர்கள். தேவையை ஆராய், திட்டமிடு, பாடம் தயாரி, நடத்து, மதிப்பிடு. அந்த முதல் கட்டத்தை எங்கள் ஊரில் யார், என்றைக்குச் செய்தார்கள்? ஆடிப் பட்டம் தேடி விதை என்பார்கள்; இங்கே நிலத்தையே யாரும் பார்க்கவில்லை.

கடைசிக் கட்டமும் அப்படித்தான். முடிவில் கொடுத்த தாளில் வகுப்பு பிடித்ததா, டீ நன்றாக இருந்ததா என்று கேட்டிருந்தது. பயிற்சியை மதிப்பிட கிர்க்பாட்ரிக் வகுத்த நான்கு நிலைகளில் அது முதல் நிலை. கற்றதை வேலையில் செய்கிறாளா என்பது மூன்றாவது. அதுவரை யாரும் ஏறி வந்ததில்லை.

கேட்டால், 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றானதும் ஆம்பூர் திருப்பத்தூருக்குப் போய்விட்டது, நம் எல்லை இல்லை என்கிறார் ஒருவர். விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறும் பெண்களிடம் அந்த எல்லையைக் கொஞ்சம் காட்டுங்கள், ஐயா. அப்புறம் வருகைப் பதிவுக்கு விரல் ரேகை, போட்டோ, இருப்பிடம் எல்லாம் கேட்கிறீர்கள். ஒரு துண்டுத் தோல் கேட்டால் மட்டும் நிதி இல்லை.

சரி, கோபத்தில் எங்கோ போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான்: அடுத்த பேட்ச் தொடங்கும் முன் ஒரு ஷிப்ட் தையல் லைனில் வந்து நின்று பாருங்கள். பார்த்துவிட்டுப் பாடம் எழுதுங்கள். வெட்டிப்போட்ட தோல் துண்டுகளை நானே கேட்டு வாங்கி வருகிறேன். போஸ்ட் பெட் மெஷின் ஒன்று மட்டும் தயவுசெய்து கொடுங்கள்.

பணிவுடன்,
பேரணாம்பட்டு தையல் பயிற்றுநர்